மூன்றாவது டேக்கும் மீன் குளிரறையும்

சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது.

பக்கத்துக் கடையின் மீன் குளிரறையை நிறுத்தியாயிற்று, அடுத்த இருபது நிமிடமும் உங்களுடையது என்பதற்கான அடையாளம் அது. தட்டியவர் சிவம் அங்கிள். அவருடைய மொத்த வியாபாரக் கடைக்கும் நாங்கள் ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒரேயொரு செங்கல் சுவர்தான்.

குளிரறை நின்றதும் அறைக்குள் ஓர் அமைதி இறங்கியது. காலையிலிருந்து காதுக்குள் குடியிருந்த இரைச்சல் எழுந்து போன பிறகுதான் அது அவ்வளவு நேரமும் அங்கே இருந்தது என்பதே உறைத்தது. ட்ரம்ஸுக்குப் பின்னால் துஷி உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். ஜெனி செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஆர்கனின் மிதிகட்டைகளைத் தேடினாள். அமலன் மைக்குக்கு முன்னால் கண்ணை மூடி நின்றான். நான் கிட்டார் நரம்பின்மேல் இழுத்து வாசிக்கிற கண்ணாடிக் குழாயை இடது கைச் சுண்டுவிரலில் மாட்டினேன். விரல் வியர்த்திருந்ததால் அது ஒருமுறை வழுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி இருக்கும். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் தொழிற்பேட்டை. எங்கள் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, மூன்றாவது டேக். அதற்கு மேல் டேக் கிடையாது. மறுநாள் காலை ஸ்டூடியோவை வேறொரு குழு எடுத்திருந்தது. ஜெனி புதிய வேலைக்காக நியூகாசில் போகப் பெட்டி கட்டியாயிற்று.

அந்தப் பாட்டில் எனக்கென்று தனியாக ஒரு கிட்டார் சோலோ இருந்தது. ஒன்றரை வருடமாக அதற்காக மட்டுமே பயிற்சி செய்திருந்தேன். அது ஆல்பத்தில் சரியாக ஏறுமா, ஏறாதா என்பது இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் டெப்ஸ் விரலை உயர்த்தினார். அந்த விரல் கீழே வருவதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் எதையும் நேராகச் சொல்லி முடித்த ஆளில்லை என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எந்தத் தெற்கு?

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: நீங்கள் சதர்ன் ராக் குழு, சதர்ன் ராக் குழு என்கிறீர்களே, மதுரைப் பக்கத்துப் பாட்டையெல்லாம் கிட்டாரில் அடிப்பீர்களா?

இல்லை ஐயா. இது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்த ராக். இரண்டு கிட்டார்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நடக்கும். பின்னால் ஓர் ஆர்கன் தேவாலயத்தில் நிற்பதுபோல நீளமாக மூச்சு விடும். ட்ரம்ஸ் அவசரப்படாது. பாட்டு முடிந்துவிட்டது என்று நீங்கள் எழும்பும்போது இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும். எங்கேயும் போகிற அவசரமே இல்லாதவர்களின் இசை. எனக்கு எந்நேரமும் எங்கேயாவது போகிற அவசரம். அதனால்தான் பிடித்துப்போனதோ என்னவோ.

லண்டனில் பிறந்த நான்கு யாழ்ப்பாண, மன்னார்ப் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டால், அதற்குக் காரணம் எங்கள் அப்பா வாங்கிய ஒரு பழைய கார்.

வெளியே வராத சிடி

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் அப்பா வெம்பிளியில் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் சிடி பிளேயருக்குள் ஒரு சிடியை விட்டிருந்தார். அது வெளியே வரவில்லை. வானொலியும் வேலை செய்யவில்லை. சாவியைத் திருப்பினால் அந்த சிடி முதல் பாட்டிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

அப்பா வெண்ணெய்க் கத்தி விட்டுப் பார்த்தார். சித்தப்பா ஓங்கிக் குத்திப் பார்த்தார். அம்மா கடவுளிடம் சொல்லிப் பார்த்தார். சிடி பாடிக்கொண்டேயிருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைக்கிற குமிழும் பழுது. நாங்கள் கோவிலுக்குப் போனாலும், சாமத்தியச் சடங்குக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் அமெரிக்கத் தெற்கின் ஒரு ராக் குழு எங்களோடு வந்தது.

இரண்டு வருடத்தில் குடும்பமே பழகிவிட்டது. அம்மா மூன்றாவது பாட்டுக்கு "அழுகிற கிட்டார்" என்று பெயர் வைத்தார். அப்பா ஸ்டியரிங்கில் தாளம் போடுவதைப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுவார், பிடிபட்டவர்போல.

எங்களுக்கு வீடு குட்மேய்ஸில். பெரியம்மா வீடு வெம்பிளியில். ஞாயிறுதோறும் நோர்த் சர்க்குலர் வீதியால் போவோம். அந்தப் பயணத்துக்கு ஆல்பத்தின் ஏழு பாட்டுகள் சரியாக இருக்கும். எட்டாவது, கடைசிப் பாட்டு, வீதியில் நெரிசல் இருந்தால் மட்டுமே கேட்கக் கிடைக்கும். நெரிசல் வரவேண்டும் என்று பிரார்த்தித்த ஒரே பிள்ளை லண்டனிலேயே நானாகத்தான் இருந்திருப்பேன். முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரியும்போது அப்பா நெற்றியைத் தடவுவார். பின்சீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

அந்தக் கடைசிப் பாட்டில் ஒருவர் கிட்டார் நரம்பின்மேல் எதையோ வழுக்கவிட்டு, ஏணியில் ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போவார். உச்சியைத் தொடும்போது பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிடும். யாரோ மெல்லச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் நெருங்கிய ஒருவருடையது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

காரை விற்றபோது சிடியும் அதோடு போய்விட்டது. குழுவின் பெயரைப் பின்னாளில் கண்டுபிடித்தேன். இங்கே சொல்லமாட்டேன். சில பேரை ஊர் அறியக் கூப்பிட மனம் வராது.

எங்கள் குழுவுக்கு "பின்சீட்" என்று பெயர் வைத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

நான் போட்ட சட்டம்

துஷி என் மாமாவின் மகன். முறையிலும் மச்சான், மற்றபடியும் மச்சான். ஜெனியும் அமலனும் அக்காவும் தம்பியும். மன்னாரிலிருந்து வந்த குடும்பம், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. ஜெனி தேவாலயத்தில் ஆர்கன் படித்தவள். கையால் வாசித்துக்கொண்டே காலால் தாழ்ந்த சுரங்களையும் மிதிப்பாள். அதனால் எங்களுக்குத் தனியாக பேஸ் கிட்டார் தேவைப்படவில்லை. பாடுவதும் இரண்டாவது கிட்டாரும் அமலன்.

ஆல்பம் செய்வது என்று முடிவானதும் நான் ஒரு தாளில் சட்டம் எழுதினேன். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒரு டேக்கில் எது விழுகிறதோ அதுதான். பிழையைப் பிறகு தனியாக வாசித்து நிரப்புவது இல்லை. வெட்டி ஒட்டுவது இல்லவே இல்லை. நாற்காலி கிறீச்சிட்டால் அதுவும் பாட்டுத்தான்.

துஷி வாசித்துவிட்டு, "மச்சாள், இது என்ன பாஸ்போர்ட் ஃபோர்மோ?" என்றான். நான் கையெழுத்து வாங்காமல் விடவில்லை. நான்கு பேரும் போட்டோம். அமலன் தன் பெயருக்குக் கீழே ஒரு சிலுவையும் போட்டான், பாதுகாப்புக்கு.

டெப்ஸை அப்படித்தான் கண்டுபிடித்தோம். டகென்ஹாம்காரர். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் ஆறிப்போன தேநீர். இன்னும் டேப்பில் பதிவு செய்கிற சிலரில் ஒருவர். எங்கள் சட்டத்தைப் படித்துவிட்டு, எழுதியது யார் என்று கேட்டார். நான் கை உயர்த்தினேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

அறக்குளாவுக்கு ராக் தெரியாது

முதல் வார இறுதியிலேயே சிக்கல் வந்தது. மெதுவான இடங்களில் டேப்பில் ஒரு "ம்ம்ம்". என் கிட்டார் என்றார்கள். ஆர்கன் என்றார்கள். டெப்ஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் சுவரில் காதை வைத்தார். பக்கத்துக் கடையின் குளிரறை.

யார் போய்ப் பேசுவது என்று கேட்டபோது மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சட்டம் போட்டவள் நான்தானே.

சிவம் அங்கிள் ரப்பர் சப்பாத்தோடு அறக்குளா மீன்மேல் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அண்ணை. எங்கள் வயதுக்கு அங்கிள். நான் இசையைப் பற்றி, டேப்பைப் பற்றி, அமெரிக்கத் தெற்கைப் பற்றியெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா அறக்குளாவுக்கு ராக் தெரியாது. ஐஸ் இளகினா நாறும்."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். கதவைத் திறக்காமல் இருந்தால் இருபது நிமிடத்துக்கு மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருமுறை நிறுத்தினால் அடுத்ததற்கு ஒரு மணி நேரமாவது விடவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம், அதற்கு மேல் ஏலாது. நிறுத்திவிட்டுச் சுவரில் இரண்டு தட்டுவார். இருபது நிமிடம் முடியும்போது, அல்லது பாட்டு ஓய்ந்ததும், மறுபடி போட்டுவிடுவார்.

இப்படித்தான் எங்கள் ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நாளில் மூன்று டேக் என்று மீன் தீர்மானித்தது.

ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டாம். பதிவுக்காக எங்காவது குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் கார்ச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். மறுபடி போட மறந்து வீட்டுக்குக் கிளம்ப முடியாது. டெப்ஸ் அதைச் சொன்னதும் சிவம் அங்கிளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எங்களில் கார் வைத்திருந்தது அமலன் மட்டும். அவன் சாவி நான்கு வார இறுதிகள் மீன் பெட்டிமேல் கிடந்தது. அக்காவை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறபோது அவள் சாவியின் மீன் நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தலையை வெளியே வைத்துக்கொள்வாளாம்.

ஏற்றம்

ஏழு பாட்டுகள் அப்படியே முடிந்தன. சிலது இரண்டாவது டேக்கிலேயே.

எட்டாவதுதான் பெரியது. அதை நானே எழுதினேன். சோலோ இரண்டு பாதி. முதல் பாதி தாழ்வாக, பேசுவதுபோல. பிறகு துஷி ட்ரம்ஸை ஓர் உருட்டு உருட்டுவான். அது முடிகிற இடத்தில் நான் ஏறத் தொடங்குவேன். கிட்டாரின் கழுத்து முடிந்து நரம்பு மட்டும் இருக்கிற இடம்வரை குழாயை இழுத்துக்கொண்டு போவேன். இதற்கு எங்களுக்குள் "ஏற்றம்" என்று பெயர்.

அதைத்தான் ஒன்றரை வருடம் பழகினேன். வேலை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. குழாய் ஒரு மயிரிழை பிசகினாலும் சுரம் கெட்டுவிடும். ஒரு கட்டத்தில் அம்மா கீழேயிருந்து, "இண்டைக்குக் கொஞ்சம் குறைவா அழுகுது" என்று விமர்சனம் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு முதல் டேக்கில் அமலன் இரண்டாவது சரணத்தை மறந்து முதல் சரணத்தையே மறுபடி பாடினான். அது கணக்கில் இல்லை.

இரண்டாவது டேக்கில் என் ஏற்றம் நான் கனவு கண்டதுபோலவே வந்தது. குழாய் நரம்பின்மேல் வெண்ணெயில் போவதுபோலப் போனது. உச்சியில் ஒரு சுரம் தனியாக நின்று மின்னியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை விட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். பாட்டு முழுவதும் பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. அமலன் ஒரு வார்த்தையும் தவறாமல் பாடினான், அறிவிப்பு வாசிப்பதுபோல.

டெப்ஸ் கேட்டுவிட்டு, கிட்டார் அபாரம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மிச்சம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வாசலில் நின்று தேநீர் குடித்தோம். துஷி யாருடைய நடையையோ செய்துகாட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தான். பிறகு உள்ளே போனோம். சுவரில் இரண்டு தட்டு.

மூன்றாவது

விரல் இறங்கியது.

முதல் நான்கு தட்டிலேயே தெரிந்துவிட்டது. துஷி கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அவசரமில்லாமல் அடித்தான். ஜெனியின் கால் கீழே ஒரு நிலம் போட்டது. அமலன் முதல் சரணத்தில் ஓர் இடத்தில் பாடாமல் பேசினான். ஒத்திகையில் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. யாரும் கையைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்து இளித்துக்கொண்டிருந்தோம்.

என் சோலோவின் முதல் பாதி வந்தது. நான் சொல்லச் சொல்ல ஆர்கன் "ஓம், ஓம், பிறகு?" என்று கேட்பதுபோலப் பின்னால் வந்தது. இதுதான் அந்த டேக், இதன்மேல் ஏற்றம் ஏறினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

துஷி உருட்டத் தொடங்கினான். ஆனால் வந்தது அந்த உருட்டல் இல்லை.

சின்னதாக ஒரு சொற்கட்டு. கொஞ்சம் இடைவெளி. அதே சொற்கட்டு. இடைவெளி. மூன்றாவது தரமும் அதே. அதன் கடைசி அடி அடுத்த சுற்றின் முதல் தட்டில் நெற்றிப் பொட்டுப்போல வந்து விழுந்தது.

நின்றுவிட்டோம்.

துஷி மட்டுமல்ல. ஜெனி, அமலன், நான், நான்கு பேரும் அந்த ஒரே அடியில். பாட்டின் நட்டநடுவில். என் ஏற்றம் தொடங்க வேண்டிய அந்த இடத்தில்.

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று பிறகு அளந்து பார்த்தோம், நான்கு விநாடிதான். எனக்கு அதில் வயது போய்விட்டது.

பிறகு ஜெனி ஒரு விரலால் ஒரு சுரத்தைத் தொட்டாள். மிகவும் மெதுவாக. கடைசிச் சரணத்தின் சுரம் அது. அமலன் அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தூங்குகிற ஆளை எழுப்பக்கூடாது என்பதுபோலப் பாடினான். அதைக் கத்திப் பாடுவதாகத்தான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். துஷி குச்சிகளை வைத்துவிட்டுக் கையால் தோலைத் தடவினான். என்னால் ஏற முடியாது. அங்கே ஏறினால் அடித்துக் கலைத்ததுபோல ஆகிவிடும். கீழே ஒரேயொரு சுரத்தைப் பிடித்து, அது சாகும்வரை விட்டேன்.

பாட்டு முடிந்தது.

டெப்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நிறுத்தச் சொல்லி சைகை கொடுத்தது யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றோம். அவர் நம்பவில்லை. தான் பார்த்த குழுக்கள் எல்லாம் போக்குவரத்தில் கார்கள் நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும், நாங்கள் கதவு சாத்துவதுபோல நின்றோம் என்று சொல்லி, யார் கண் காட்டியது என்று மறுபடி கேட்டார்.

துஷி தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"நான் யோசிச்சு அடிக்கேல்லை மச்சாள். என்ரை கை தானாப் போட்டுது."

நான் குழாயைக் கழற்றி, தேவைக்கு அதிகமாகத் துடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து சிவம் அங்கிள் உள்ளே வந்தார். குளிரறையைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார். பிறகு, "நடுவிலை நிண்டிது. சரி, முடிஞ்சுது எண்டு சுவிட்சிலை கை வைச்சிட்டன். ஆனா போட மனம் வரேல்லை," என்றார். ஏன் என்று ஜெனி கேட்டாள். அவர் தெரியாது என்று சொல்லிச் சாவியை அமலனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிளேடு

டெப்ஸுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அமலன்தான் சொன்னான்.

எங்களுக்குச் சின்ன வயதில் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது, தமிழ் வகுப்புத்தான். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடம். காலையில் தமிழ், பிறகு கலை. ஓர் அறையில் மிருதங்கம், அடுத்ததில் வயலின், அதற்கடுத்ததில் நடனம். எல்லாச் சத்தமும் எல்லா அறைக்கும் போகும். துஷி ஏழு வருடம் மிருதங்கம் படித்தான். ஜெனி மூன்று வருடம் வயலின். அமலன் ஒன்றும் படிக்கவில்லை. அக்காவுக்காகக் காத்துக்கொண்டு தாழ்வாரத்தில் மீன் ரோல்ஸ் சாப்பிட்டான்.

ஒரு சொற்கட்டு மூன்று தரம் வந்து முதல் தட்டில் விழுந்தால் எல்லாம் அங்கே முடிகிறது. பாட்டு நிற்கும், கை நிற்கும், கால் நிற்கும். அதை யாரும் எங்களுக்குத் தனியாகச் சொல்லித்தரவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சுவர் வழியாக உள்ளே இறங்கியது. ரோல்ஸ் சாப்பிட்டவனுக்குக்கூட.

டெப்ஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இப்போது என்ன செய்வது என்று கேட்டார். இரண்டாவது டேக்கில் சோலோ முழுதாக இருக்கிறது. மூன்றாவதில் பாட்டு இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. இரண்டாவதிலிருந்து அந்த ஏற்றத்தை மட்டும் வெட்டி மூன்றாவதில் ஒட்டலாம். வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், தான் ஒட்டினால் கண்டுபிடிக்க ஏலாது என்றார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு சின்னப் பிளேடை எடுத்து மேலே வைத்தார்.

யாரும் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்குக் குத்தியது.

"ஒட்டுங்கோ," என்றான் துஷி. "பிழை என்ரை. அவள் ஒண்டரை வருசம் அடிச்சவள்."

அமலன் தலையாட்டினான். ஜெனி என் முழங்கையைப் பிடித்து, "உன்ரை பாட்டு அபி. நீ என்ன சொல்லுறியோ அது," என்றாள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒட்டச் சொல்ல வாய் திறந்தேன். சட்டமாவது ஒன்றாவது. அந்த உச்சிச் சுரம் எனக்கு வேண்டும். எங்கோ ஒரு பிள்ளை பின்சீட்டில் இருந்து அதைக் கேட்க வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை கேட்போம், எங்கே வெட்டுவது என்று தெரியவேண்டுமே என்றார் டெப்ஸ்.

கேட்டோம். சொற்கட்டு, சொற்கட்டு, சொற்கட்டு. நிறுத்தம். அந்த முதல் தட்டில் ஏதோ கனமாக, தாழ்வாக ஒரு "தொம்". நன்றாக இருந்தது. துஷியின் பெரிய ட்ரம் என்று நினைத்தேன்.

டெப்ஸ் ட்ரம்ஸின் சத்தத்தை மூடினார். "தொம்" இன்னும் இருந்தது. ஆர்கனை மூடினார். இருந்தது. அமலனின் மைக்கை மூடினார். கடைசியில் என் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் தரையில் நின்ற மைக் மட்டும் திறந்திருந்தது. அதில் என் கிட்டார் தாழ்வாகப் பேசி, தட்டு வந்ததும் துண்டாக நின்றது. கூடவே "தொம்".

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

நான்கு வருடம் நடன வகுப்புக்குப் போனவள் நான். ஐந்தாவது வருடம் காய்ச்சல், வயிற்றுவலி, வீட்டுப்பாடம் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தப்பியோடியவள். அரங்கேற்றம் வேண்டாம் என்று அம்மாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள். அந்தச் சொற்கட்டு மூன்றாவது தரம் விழுந்தபோது, வலது காலைத் தூக்கி மரத்தரையில் ஓங்கி அடித்து முடித்திருக்கிறேன். கையில் குழாயோடு. கழுத்தில் கிட்டாரோடு. நினைவேயில்லாமல்.

துஷி நிறுத்தியதில் என் சோலோ போய்விட்டது என்று அரை மணி நேரமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அந்த அறையில் எல்லோரையும்விடப் பலமாக நிறுத்தியது நான்.

சிரிப்பு வந்தது. முதலில் எனக்கு, பிறகு துஷிக்கு, அவன் சிரிக்கத் தொடங்கினால் அறையே தாங்காது. டெப்ஸ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ன, ஒட்டுறதோ?" என்றாள் ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்லை. மூண்டாவது. அப்பிடியே விடுங்கோ."

"ஏற்றம்?" என்று கேட்டான் துஷி, மெதுவாக.

"மேடையிலை ஏறுறன். நீ கையைக் கட்டிக்கொண்டு இரு."

ஏற்றத்தை விட்டுக்கொடுத்தது வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். ஒரு வாரம் வலித்தது. இரண்டாவது டேக்கை டெப்ஸிடம் கேட்டு வாங்கி, தனியாக எத்தனையோ தரம் கேட்டேன். அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

டெப்ஸ் பிளேடை எடுத்து லாச்சிக்குள் போட்டார். டேப் பெட்டியின் முதுகில் பென்சிலால் மூன்று என்று எழுதி, வட்டம் போட்டார். பிறகு, வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாக, சத்தமாகக் கேட்போமா என்றார். டேப்பைப் பின்னால் சுற்றினார்.

ஐந்து பேரும் அந்தச் சின்ன அறைக்குள் தோளோடு தோள் இடிக்க நின்றோம். அமலன் பேசிய இடத்தில் அமலனே வெட்கப்பட்டான். ஜெனி தன் காலைக் கேட்டுத் தலையாட்டினாள். சோலோவின் முதல் பாதி வந்தது. சொற்கட்டு ஒன்று. நான் துஷியைப் பார்த்தேன். சொற்கட்டு இரண்டு. எல்லோருடைய வலது குதிகாலும் தரையை விட்டு எழும்பியிருந்தது. மூன்று.

நான்கு கால்கள் ஒன்றாக விழுந்தன. டெப்ஸின் கால் மட்டும் அரைத் தட்டுப் பிந்தி விழுந்தது.